பழைய சேசிஸுக்கு மஸ்டாங் டூ முன் சஸ்பென்ஷன் கிட்: வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

இரும்பு ஆக்சில், லீஃப் ஸ்பிரிங், கிங் பின்னோடு (முன் சக்கரம் திரும்புவதற்கான அச்சாணி) வந்த பழைய காரை இன்றைய வேகத்துக்குத் தயார்செய்ய நினைப்பவர்கள் பலர் கடைசியில் வந்து நிற்பது இந்த கிட்டில்தான். 1974 முதல் 1978 வரை வந்த ஃபோர்டு மஸ்டாங் டூவின் முன்பக்க அமைப்புதான் இதற்கு மூலம். குறுக்குச் சட்டம், மேல் கீழ் ஆர்ம்கள், காயில் ஸ்பிரிங், ராக் அண்ட் பினியன் ஸ்டீயரிங், டிஸ்க் பிரேக் எல்லாம் ஒரே தொகுப்பில் கிடைக்கும். நல்ல கிட். குறை வருவது பெரும்பாலும் பொருத்துவதில்தான்.

பழைய சேசிஸ் பல ஒரு பக்கம் திறந்த ‘ப’ வடிவச் சட்டம். லீஃப் ஸ்பிரிங் சுமையை முன்னும் பின்னும் பிரித்து இறக்கியது. இந்தக் குறுக்குச் சட்டமோ மொத்தத்தையும் ஒரே இடத்தில் இறக்குகிறது. திறந்த பக்கத்தை 3 முதல் 5 மி.மீ. தகட்டால் மூடாவிட்டால் சட்டம் முறுக்கும், வெல்டு ஓரத்தில் விரிசல் விடும். தகட்டை ஒரே இழுப்பில் வெல்டு செய்யாதீர்கள். 25 மி.மீ. வைத்துவிட்டு எதிர்ப்பக்கம் போங்கள், ஆறியபின் திரும்புங்கள். இல்லையென்றால் சட்டம் வில்லாக வளையும். மூலைக்கு மூலை அளவை ஒவ்வொரு சுற்றுக்கும் சரிபார்ப்பது அவசியம்.

அடுத்தது சாய்வு. கார் ஓடும்போது முன்பக்கம் எவ்வளவு தாழ்ந்திருக்குமோ அதே நிலையில் சேசிஸை ஸ்டாண்டில் நிறுத்தி, ரசமட்டம் வைத்துக் குறுக்குச் சட்டத்தை டாக் செய்ய (அங்கங்கே புள்ளி வெல்டு வைத்துத் தற்காலிகமாக நிறுத்த) வேண்டும். மட்டமாக வைத்துப் பொருத்திவிட்டுப் பிறகு முன்பக்கத்தை 2 டிகிரி தாழ்த்தினால், காஸ்டரிலும் (பக்கவாட்டில் பார்த்தால் சக்கரம் திரும்பும் அச்சு பின்னோக்கிச் சாயும் கோணம்) அதே 2 டிகிரி போய்விடும். நேர் சாலையில் ஸ்டீயரிங் அலையும்.

கிட் வைத்த இடத்திலிருந்து ஸ்டீயரிங் ராக்கின் உயரத்தை மாற்றவே கூடாது. ஸ்பிரிங்கைக் கழற்றி, சக்கரத்தை 50 மி.மீ. மேலும் கீழும் நகர்த்திப் பாருங்கள். டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு) கண்ணுக்குத் தெரிய மாறினால், பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் கார் தானாகத் திரும்பும் என்று அர்த்தம். பவர் ராக் போடுபவர்கள் பம்பின் அழுத்தத்தையும் பார்க்க வேண்டும். ராக் கேட்பதைவிட அதிகமானால் ஸ்டீயரிங் விரல் பட்டாலே துள்ளும்.

பிரேக் மாஸ்டர் சிலிண்டர் காரின் தரைக்கடியில், டிஸ்க்கைப் பிடிக்கும் காலிப்பரைவிடத் தாழ்வாக இருந்தால் டிஸ்க் லைனில் 2 பி.எஸ்.ஐ. ரெசிடுவல் வால்வு தேவை; ஆயில் திரும்ப வடியாமல் லைனில் சிறிது அழுத்தத்தை வைத்திருப்பது அதுதான்.

மூல நிலை கெடாத அரிய காருக்கு இதை நாங்கள் சொல்ல மாட்டோம். வெட்டிய சட்டம் பழையபடி ஆகாது. அதற்குப் புது கிங் பின், புஷ், நல்ல ஷாக் அப்சார்பர் போதும்.