வேலூர் வெயிலில் திறந்தவெளியில் நிற்கும் கார்: பல ஆண்டுப் பயன்பாட்டு அனுபவம்

2018-இல் வாங்கிய எங்கள் வெள்ளை நிற ஹேட்ச்பேக் கார், பகல் முழுவதும் அலுவலகத்தின் கூரையில்லாத வாகன நிறுத்துமிடத்திலும் இரவில் போர்டிகோ இல்லாத வீட்டு வாசலிலும் நிற்கிறது. கத்திரி வெயிலில் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது வேலூருக்குப் புதிதல்ல. முன்கண்ணாடியின் உட்புறத்தில் விரித்துவைக்கும் சன் ஷேட், முழு கார் கவர், ஜன்னல் மெஷ், வாக்ஸ் ஆகிய அனைத்தையும் இத்தனை கோடைகளாகப் பயன்படுத்தி வருவதால், எது காரின் எந்தப் பாகத்தைக் காக்கிறது, எது காசுக்குக் கேடு என்பதை உறுதியாகச் சொல்ல முடிகிறது.

முதலில் ஓர் ஆய்வைக் குறிப்பிட வேண்டும். அமெரிக்காவின் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தினரும் சான் டியாகோவில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தினரும் 2018-இல் வெளியிட்ட அந்த ஆய்வில், கோடை நாளில் ஒரு மணி நேரம் வெயிலில் நின்ற கார்களின் உட்புறக் காற்று சராசரியாக 47 டிகிரியையும் டேஷ்போர்டு 69 டிகிரியையும் எட்டியிருந்தன. நிழலில் நின்ற கார்களில் காற்று 38 டிகிரி, டேஷ்போர்டு 48 டிகிரி. காற்றில் 9 டிகிரியாக உள்ள வேறுபாடு டேஷ்போர்டில் 21 டிகிரியாக இருப்பதைக் கவனிக்க வேண்டும். காருக்குள் சேதத்தை உண்டாக்குவது பெரும்பாலும் நேரடியாக விழும் வெயில்தான். ஆகவே, உள்ளே எவ்வளவு குளிர்ச்சியாக இருக்கிறது என்பதை வைத்து ஒரு பொருளை மதிப்பிடாமல், எந்தப் பரப்பின்மீது வெயில் விழாமல் அது தடுக்கிறது என்பதை வைத்தே நான் மதிப்பிடுகிறேன்.

அந்த அளவுகோலில் முதலிடம் பெறுவது, சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் வெள்ளி நிற மடிப்பு சன் ஷேட். மாலையில் காரைத் திறக்கும்போது உள்ளே அனல் அடிக்கத்தான் செய்யும். அதை இது பெரிதாகக் குறைப்பதில்லை. ஆனால் ஸ்டீயரிங்கைத் தயக்கமின்றிப் பிடிக்க முடிகிறது, டேஷ்போர்டில் இன்றுவரை ஒரு விரிசலும் இல்லை. வாங்கும்போது முன்கண்ணாடியின் அகலத்தை அளந்துகொண்டு செல்வது நல்லது. ரியர்வியூ கண்ணாடிக்கு அருகிலும் இரு மூலைகளிலும் இடைவெளி விழுந்தால், அந்த இடைவெளியின் வடிவத்திலேயே வெயில் டேஷ்போர்டில் விழுகிறது. இரண்டு கோடைகள் கடந்ததும் மடிப்புகளில் வெள்ளிப் பூச்சு உதிரத் தொடங்கும். அப்போது தாமதிக்காமல் மாற்றிவிடுகிறேன். சன் ஷேட்டின் அருமையைக் காட்டும் சான்று காரின் பின்புறத்தில் இருக்கிறது. மறைப்பே இல்லாத பின்கண்ணாடியின் கீழுள்ள பார்சல் டிரேயின் கறுப்புத் துணி செம்பழுப்பாக வெளிறிவிட்டது. சீட்டின் முதுகுக்குப் பின்னால் மறைந்திருக்கும் விரல் அகல விளிம்பு மட்டும் வாங்கிய நாளின் கறுப்பிலேயே இருக்கிறது.

பக்கக் கண்ணாடிகளுக்கான கறுப்பு மெஷ் எனக்கு நிறைவளிக்கவில்லை. சூட்டில் அதன் ரப்பர் உறிஞ்சிகள் பிடிப்பிழந்து விழுகின்றன. கறுப்பு நிறம் வெப்பத்தை ஈர்த்து உள்ளேயே வைத்துக்கொள்கிறது. முன்கண்ணாடி இரு கண்ணாடித் தகடுகளுக்கு இடையே பிளாஸ்டிக் படலம் வைத்துச் செய்யப்படுவதால் புற ஊதாக் கதிரை ஏறத்தாழ முழுவதும் தடுத்துவிடும். சாதாரணப் பக்கக் கண்ணாடியில் அந்தப் பாதுகாப்பு இல்லை. இருந்தும் கறுப்பு ஃபிலிமை நான் பரிந்துரைக்க மாட்டேன். முன், பின் கண்ணாடிகளில் 70 சதவீதமும் பக்கக் கண்ணாடிகளில் 50 சதவீதமும் ஒளி ஊடுருவ வேண்டும் என்பது மோட்டார் வாகன விதி. கறுப்பு ஃபிலிம் ஒட்டுவதற்கு எதிராக உச்ச நீதிமன்றம் 2012 ஏப்ரலில் தீர்ப்பளித்ததும் பலருக்கு நினைவிருக்கும். சீட்டுகளின்மீது வெளிர்நிறப் பருத்தி விரிப்பு போடுவதே எங்களுக்குப் போதுமானதாக இருக்கிறது.

முழு கார் கவர் குறித்து என் கருத்து பலருடைய கருத்திலிருந்து மாறுபடலாம். ஊருக்குச் செல்லும்போது வாரக்கணக்கில் கார் நிற்குமானால் அதைவிடச் சிறந்த பாதுகாப்பு இல்லை. பெயின்ட், கண்ணாடி ஓரங்களில் உள்ள ரப்பர் பீடிங், ஹெட்லைட் என அனைத்தையும் ஒரே நேரத்தில் மறைக்கிறது. தினமும் போட்டுக் கழற்றுவதற்கு அது ஏற்றதன்று. துடைக்காத காரின்மீது கவரை இழுக்கும்போது, இடையில் சிக்கும் புழுதி உப்புத்தாள்போல் பெயின்ட்டைத் தேய்க்கிறது. காற்றில் துணி படபடக்கும்போதும் அதே தேய்மானம்தான். கழுவி, நன்றாக உலர்ந்த பிறகே கவர் போட வேண்டும். அடிப்பகுதியில் வார் கட்டிவிட வேண்டும். மழையில் நனைந்த கவரை அப்படியே விட்டுவைக்கக் கூடாது.

மரநிழல் கிடைத்தால் நான் விடுவதில்லை. வேம்பும் புங்கனும் தரும் நிழலுக்கு ஈடாக எதையும் கடையில் வாங்க முடியாது. பூவும் பழமும் பிசினும் உதிர்வது உண்மைதான். அவற்றைவிடக் கவனம் தேவைப்படுவது பறவை எச்சம். வெயிலில் சூடேறி இளகும் மேற்பூச்சான கிளியர் கோட், மாலையில் குளிர்ந்து இறுகும்போது, எச்சம் அதில் அழியாத தடத்தைப் பதித்துவிடுகிறது. காய்ந்த எச்சத்தைச் சுரண்டாமல், ஈரத்துணியைச் சில நிமிடங்கள் அதன்மேல் போட்டு ஊறவைத்து எடுக்க வேண்டும். வைப்பருக்குக் கீழே சேரும் சருகுகளையும் வாரம் ஒருமுறை அள்ளிவிட வேண்டும். இல்லையென்றால் மழைக்காலத்தில் தண்ணீர் வடியும் வழி அடைபட்டுவிடும்.

நிழல் இல்லாத இடத்தில் நிறுத்தும் திசையும் முக்கியம். ஏப்ரல் இறுதியில் நண்பகல் வெயில் வேலூரில் உச்சந்தலைக்கு நேராக இருப்பதால், அந்த நேரத்தில் எப்படி நிறுத்தினாலும் ஒன்றுதான். காற்றின் வெப்பம் உச்சத்தைத் தொடும் பிற்பகலில் வெயில் மேற்கிலிருந்து சாய்வாக வருவதால், கோடையில் முன்கண்ணாடி கிழக்கைப் பார்க்கும்படி நிறுத்துகிறேன். மார்கழியில் நண்பகலிலும் சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும். அப்போது முன்பக்கம் வடக்கு நோக்கி இருப்பது நல்லது.

வெளிப்புறத்திற்கு, சில மாதங்களுக்கு ஒருமுறை வாக்ஸும் கதவு ரப்பர்களுக்குச் சிலிக்கோன் பூச்சும் போதும். டேஷ்போர்டில் பளபளக்கும் பாலிஷைத் தவிர்க்கலாம். முன்கண்ணாடியில் அதன் பிரதிபலிப்பு ஓட்டுபவரின் கண்ணைக் கூசவைக்கும். லைட்டர், சென்ட் பாட்டில், பவர் பேங்க், மருந்து மாத்திரைகள் எதையும் நிற்கும் காரில் விட்டுச்செல்லக் கூடாது.

மாலையில் புறப்படும்போது எதிரெதிர்க் கதவுகளை ஒரு நிமிடம் திறந்துவைத்து, கண்ணாடிகளை இறக்கியபடியே சிறிது தூரம் ஓட்டி, வெந்த காற்று வெளியேறிய பிறகு கண்ணாடிகளை ஏற்றி, ஏசியை உட்காற்றுச் சுழற்சிக்கு மாற்றினால் கார் விரைவில் குளிர்ந்துவிடுகிறது.