மாதம் 1,400 யூரோவா, 992 யூரோவா, 12,400 ரூபாயா?

சிவில் முடித்துவிட்டு சுற்றுச்சூழல் பொறியியலில் மேற்படிப்பு வேண்டும், கைக்காசு போகக் கூடாது, கூடவே ஒரு நல்ல இன்டர்ன்ஷிப்பும் அமைய வேண்டும் என்று தேடுகிறவர்கள் கண்ணில் முதலில் படுவது அமெரிக்க தேசிய அறிவியல் அறக்கட்டளையின் என்எஸ்எஃப் ஃபெல்லோஷிப். ஆண்டுக்கு 37,000 டாலர். ஆனால் குடியுரிமையோ கிரீன் கார்டோ இல்லாமல் அதற்கு விண்ணப்பிக்கவே முடியாது, விட்டுவிடுங்கள். நமக்கு நிஜமாகத் திறந்திருப்பவை மூன்று: ஐரோப்பிய ஒன்றியத்தின் கூட்டு மேற்படிப்பு உதவித்தொகையான எராஸ்மஸ் முண்டஸ், ஜெர்மனியின் கல்விப் பரிமாற்ற அமைப்பான டிஏஏடி வளரும் நாட்டுப் பட்டதாரிகளுக்குத் தரும் ஈபோஸ், நம்மூர் கேட் நுழைவுத் தேர்வு வழி எம்.டெக்.

பணத்தை மட்டும் பார்த்தால் எராஸ்மஸ்தான். மாதம் 1,400 யூரோ, 24 மாதம் வரை, கல்விக் கட்டணமும் கிடையாது. ஆனால் விமான டிக்கெட், விசா, வீட்டு முன்பணம் எல்லாம் அந்த 1,400-க்குள்தான் அடக்கம், தனியாக எதுவும் தரமாட்டார்கள். குறைந்தது இரண்டு நாடுகளில் படிக்க வேண்டும் என்பதால் பெட்டி கட்டும் செலவும் ஒருமுறையோடு முடியாது. இன்னொரு விதி பலர் கவனிக்காதது: ஒரு படிப்புக்கு ஒதுக்கிய உதவித்தொகைகளில் 10 சதவீதத்துக்கு மேல் ஒரே நாட்டவருக்குக் கொடுக்கக் கூடாது. அதனால் உங்கள் போட்டி பிரேசில்காரரோடு இல்லை, பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தவரோடுதான். இறுதியாண்டு மாணவர்களும் பொதுவாக விண்ணப்பிக்கலாம் என்பது பெரிய வசதி.

ஈபோஸ் ஆள் வேறு. பட்டம் வாங்கி குறைந்தது இரண்டு வருட வேலை அனுபவம் கேட்கும், பட்டம் ஆறு வருடத்துக்கு மேல் பழசாகவும் இருக்கக் கூடாது. குடிநீர் வாரியத்திலோ கன்சல்டன்சியிலோ வேலை பார்த்துக்கொண்டிருப்பவருக்கு அளந்து தைத்த சட்டை மாதிரி. மாதம் 992 யூரோ. மாணவர் விசாவுக்கு ஜெர்மன் அரசு வங்கியில் முடக்கிக் காட்டச் சொல்லும் 11,904 யூரோவைப் பன்னிரண்டால் வகுத்தாலும் இதே 992 வரும், அதாவது அவர்கள் கணக்கில் ஒரு மாணவர் பிழைக்கப் போதுமான குறைந்தபட்சம். ஸ்டுட்கார்ட் மாதிரி ஊரில் வாடகைக்குப் பிறகு கையில் பெரிதாக மிஞ்சாது. இருந்தும் இன்டர்ன்ஷிப் என்று வந்தால் எனக்கு இதுதான் எராஸ்மஸைவிட மேல், காரணம் மொழி. பயணப்படி, மருத்துவக் காப்பீடு இவற்றோடு ஜெர்மன் மொழி வகுப்புக்கும் அவர்களே செலவு செய்கிறார்கள். நகராட்சி கழிவுநீர் நிலையத்தில் ஷிஃப்ட் ஆபரேட்டரோடு நிற்கும்போது ஆங்கிலம் ரொம்ப தூரம் ஓடாது. எராஸ்மஸில் செமஸ்டருக்கு ஒரு நாடு மாறுகிறவருக்கு எந்த மொழியும் ஒட்டுவதற்குள் அடுத்த ரயில் வந்துவிடும்.

அப்புறம் கேட். உதவித்தொகை மாதம் 12,400 ரூபாய், வாரம் எட்டு மணி நேரம் ஆய்வகமோ வகுப்போ பார்த்துக்கொள்ள வேண்டும். பத்து வருடத்துக்கும் மேலாக ஏறாத தொகை, இன்றைய சென்னையில் ஹாஸ்டல், மெஸ் போக என்ன மிஞ்சும் என்று சொல்லத் தேவையில்லை. 2021 முதல் சுற்றுச்சூழல் அறிவியல் மற்றும் பொறியியலுக்கென்றே தனித் தாள் இருப்பதால் சிவில் தாளோடு மல்லுக்கட்டாமலும் எழுதலாம்.

ஆனால் இன்டர்ன்ஷிப் என்று வந்தால் இந்த மூன்றில் யாரும் குறைத்து எடைபோடக் கூடாதது இந்த கேட் வழிதான், காரணம் நம்மூரிலேயே இருக்கும் சுத்திகரிப்பு நிலையங்கள். 2011-இல் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகு திருப்பூரின் பொது சுத்திகரிப்பு நிலையங்கள் சொட்டுக் கழிவுநீரும் வெளியேறாத முறைக்கு மாறின. நுண்ணுயிர்கள் அழுக்கைத் தின்னும் உயிரியல் தொட்டி, உப்பை வடிகட்டும் ஆர்ஓ, அதில் மிஞ்சும் உப்புக் கரைசலிலிருந்து நீரை ஆவியாக்கும் எவாப்பரேட்டர், அதிலிருந்து பிரிக்கும் உப்பு மறுபடி சாயத் தொட்டிக்கு, பிரிக்க முடியாத கலப்பு உப்பு மூட்டை மூட்டையாகக் கிடங்கில். ஆர்ஓ-வின் வடிசவ்வான மெம்பிரேன் ஏன் அடைக்கிறது, எவாப்பரேட்டர் எவ்வளவு மின்சாரமும் நீராவியும் தின்கிறது என்று ஒரு கோடை விடுமுறையில் நேரில் பார்க்கலாம். சென்னையில் கழிவுநீரை ஆர்ஓ வரை கொண்டுபோய் தொழிற்பேட்டைகளுக்கு அனுப்பும் கோயம்பேடு நிலையம் இருக்கிறது, கடல்நீரைக் குடிநீராக்கும் நெம்மேலி நிலையம் இருக்கிறது. இந்த அனுபவம் ஐரோப்பாவில் படிக்கிறவருக்கு லேசில் கிடைக்காது. குறை என்னவென்றால் இடத்தை நீங்களே பிடிக்க வேண்டும், பெரும்பாலும் ஒரு பேராசிரியரின் கடிதத்தோடு, சம்பளமும் பலசமயம் பூஜ்யம்.

இப்போதுதான் படிப்பை முடிப்பவர் என்றால் கேட் தேர்வுக்கும் எராஸ்மஸுக்கும் சேர்த்தே விண்ணப்பம் போடுங்கள், எராஸ்மஸ் தேதிகள் பெரும்பாலும் டிசம்பர், ஜனவரியில் வரும், கேட் பிப்ரவரியில். இரண்டு வருடம் வேலை பார்த்தவர் ஈபோஸை விடாதீர்கள். விண்ணப்பம் பெரும்பாலான படிப்புகளுக்கு நேராகப் பல்கலைக்கழகத்துக்குத்தான் போகும், டிஏஏடிக்கு இல்லை. படிப்பு தொடங்குவதற்கு முந்தைய வருடமே பல இடங்களில் கடைசித் தேதி முடிந்துவிடும், மேலாளர் கையெழுத்திட்ட பரிந்துரைக் கடிதமும் கேட்பார்கள், அதை வாங்கவே சில அலுவலகங்களில் ஒரு மாதம் ஆகும்.