வீட்டுக் கணினிக்கு எந்த செட்: 12400ஆ, 5600ஜியா, 8600ஜியா?

சென்னை ரிச்சி தெருவில் எந்தக் கடை ஏறினாலும் "இன்டெல் போடலாமா, ஏஎம்டி போடலாமா?" என்றுதான் பேச்சு தொடங்கும். பிராண்டை விட முக்கியமான கேள்விகள் இரண்டு இருக்கின்றன. தனியாக கிராஃபிக்ஸ் கார்டு வாங்கப் போகிறீர்களா? வீட்டில் ஏற்கெனவே டிடிஆர்4 (டிடிஆர்3-க்கு அடுத்த, டிடிஆர்5-க்கு முந்தைய தலைமுறை) ரேம் கிடக்கிறதா? இவற்றுக்குப் பதில் சொல்லிவிட்டால் பிராண்டு தானாக முடிவாகிவிடும்.

பிள்ளைகளின் படிப்பு, டேலி, ஃபோட்டோ வேலை, கொஞ்சம் வீடியோ எடிட்டிங், இடையிடையே கேம். ஒரு சராசரி வீட்டுக்கு இவ்வளவுதான் தேவை. அதற்கேற்ற மூன்று புராசஸர்களை எடுத்துக்கொள்கிறேன்: இன்டெல் கோர் ஐ5 12400, ஏஎம்டி ரைசன் 5 5600ஜி, ரைசன் 5 8600ஜி. மூன்றுமே ஆறு கோர் (கணக்குப் போடும் பகுதி), பன்னிரண்டு த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடும் வேலை வரிசை). மூன்றிலும் உள்ளேயே கிராஃபிக்ஸ் இருக்கிறது. மூன்றிலும் விண்டோஸ் 11 தாராளமாக ஓடும். 2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கான ஆதரவு முடிந்துவிட்டதால், புது சிஸ்டம் தேடுகிற பலருக்கும் அதுவே காரணமாக இருக்கும்.

முதலில் ரேம். 2025-இன் பிற்பாதியிலிருந்து ரேம் விலை கடுமையாக ஏறிவிட்டது. ஏஐ தரவு மையங்களுக்கான மெமரி பக்கம் ஆலைகள் திரும்பியதுதான் காரணம். க்ரூஷியல் என்ற பெயரில் வீட்டு வாடிக்கையாளர்களுக்கு ரேமும் எஸ்எஸ்டியும் விற்றுவந்த மைக்ரான், அந்த வியாபாரத்தையே விட்டு விலகுவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. இந்த நிலையில் பழைய சிஸ்டத்தை எடைக்குப் போடுவதற்கு முன் கேபினட்டைத் திறந்து பாருங்கள். இன்டெல் ஆறாம், ஏழாம் தலைமுறை இயந்திரங்கள் பலவற்றில் இருப்பது டிடிஆர்4தான். அது டிடிஆர்4 ஏற்கிற புது போர்டிலும் வேலை செய்யும். நான்காம் தலைமுறை என்றால் டிடிஆர்3, அதனால் பயனில்லை.

பழைய டிடிஆர்4 இருக்கிறதென்றால் என் ஓட்டு 12400-க்கு. பழைய ரேம் பெரும்பாலும் 2133 அல்லது 2400 வேகத்தில் இருக்கும். 5600ஜி-யின் பலமே அதன் வேகா கிராஃபிக்ஸ். அதற்குத் தனி மெமரி கிடையாது, சிஸ்டம் ரேமைத்தான் கடன் வாங்கி ஓடுகிறது. ரேம் மெதுவாக இருந்தால் கேமும் திணறும். 12400-இன் யுஎச்டி 730 கிராஃபிக்ஸை யாரும் கேமுக்கு நம்பப் போவதில்லை, அதனால் அங்கே இழப்பு குறைவு. போர்டு வாங்கும்போது மட்டும் கவனம் வேண்டும். 12400 பொருந்துகிற எல்ஜிஏ 1700 சாக்கெட் (புராசஸர் உட்காரும் இடம்) உள்ள போர்டுகள் டிடிஆர்4, டிடிஆர்5 என்று இரண்டு வகையாகவும் வருகின்றன. ஒன்றின் ரேம் இன்னொன்றின் ஸ்லாட்டில் நுழையாது. பெட்டியின் மேல் எழுதியிருப்பதைப் படித்த பிறகே பணம் கொடுங்கள்.

கையில் பழைய ரேம் இல்லை, கிராஃபிக்ஸ் கார்டுக்கும் இப்போது பணம் இல்லை என்றால் போட்டி 5600ஜிக்கும் 8600ஜிக்கும் இடையில்தான். கிராஃபிக்ஸில் 8600ஜி தெளிவாக முன்னால் நிற்கிறது. அதன் ரேடியான் 760எம், வேகாவை விடப் புதிய கட்டமைப்பு. ஏவி1 என்ற சுருக்க முறையில் வரும் வீடியோவை வன்பொருளிலேயே பிரித்துவிடும். 5600ஜியில் அந்த வசதி இல்லை. யூடியூப் ஏவி1-இல் அனுப்பும் வீடியோவுக்கு அங்கே கோர்கள்தான் உழைக்க வேண்டும். ஆறு கோர் இருப்பதால் படம் நிற்காது என்றாலும் மின்சாரமும் சூடும் கூடும். ஆனால் 8600ஜிக்கு டிடிஆர்5 கட்டாயம், போர்டு விலையும் அதிகம். மொத்தக் கணக்கில் இரண்டு செட்டுக்கும் உள்ள இடைவெளி, புராசஸர் விலையை மட்டும் பார்த்து நினைப்பதை விடப் பெரியது.

எதை எடுத்தாலும் ரேமை இரண்டு குச்சியாக வாங்குங்கள். 16 ஜிபி ஒற்றைக் குச்சியை விட 8 ஜிபி இரண்டு மேல். உள்ளமைந்த கிராஃபிக்ஸை நம்பி வாங்குகிறவர்களுக்கு நான் மிக அழுத்திச் சொல்வது இதைத்தான். ஒற்றைக் குச்சி என்றால் ஒரே சேனல்; மெமரி போகும் வழி பாதியாகக் குறைகிறது, கேமில் அது உடனே தெரியும். நான்கு ஸ்லாட் உள்ள போர்டில் புராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் போட வேண்டும். பக்கத்துப் பக்கத்தில் செருகினால் பெரும்பாலான போர்டுகளில் இரண்டும் ஒரே சேனலில் போய் உட்கார்ந்துவிடும்.

கார்டு இப்போதே வாங்குகிறீர்கள் என்றால் கணக்கு மாறுகிறது. 5600ஜியை நான் விலக்கிவிடுவேன். அதில் பிசிஐஇ (புராசஸரும் கார்டும் பேசிக்கொள்ளும் பாதை) 3.0 வரைதான். ஆர்டிஎக்ஸ் 4060 போன்ற கார்டுகள் அந்தப் பாதையின் எட்டு லேனில் மட்டும் பேசுவதால், பழைய பிசிஐஇ-யில் கொஞ்சம் வேகம் போகும். 8600ஜியும் இங்கே வீண். கார்டு வந்த பிறகு அதன் 760எம் சும்மாதான் இருக்கும், அதற்குக் கொடுத்த காசும் அப்படியே. ஆக, 12400 அல்லது ரைசன் 5 7600.

12400எஃப் விலை குறைவு என்று கடையில் காட்டுவார்கள். எஃப் என்றால் உள்ளே கிராஃபிக்ஸ் இல்லை. 5600ஜி உட்காரும் அதே ஏஎம்4 சாக்கெட்டில் வரும், ஜி இல்லாத 5600-உம் அப்படித்தான். கார்டு ஒருநாள் பழுதாகி சர்வீஸுக்குப் போனால் திரையில் ஒன்றும் வராது. பிள்ளைகளின் படிப்பும் வீட்டு வேலையும் ஓடுகிற சிஸ்டத்துக்கு எஃப் வேண்டாம்.

நாளைக்கு புராசஸரை மட்டும் மாற்ற முடியுமா என்பதில், 7600-உம் 8600ஜியும் உட்காரும் ஏஎம்5 சாக்கெட் தனித்து நிற்கிறது. எல்ஜிஏ 1700, 2021-இல் 12-ஆம் தலைமுறையோடு வந்து 14-ஆம் தலைமுறையோடு முடிந்தது. 2024 அக்டோபரில் இன்டெல் வேறு சாக்கெட்டுக்குப் போய்விட்டது. 2022-இல் வந்த ஏஎம்5-ஐ 2027 வரையிலும் அதற்குப் பிறகும் ஆதரிப்போம் என்று ஏஎம்டி சொல்லியிருக்கிறது. முந்தைய ஏஎம்4-க்கு 2024-இலும் புது புராசஸர் வெளியிட்ட நிறுவனம் என்பதால் இதை நம்பலாம். ஐந்து வருடத்துக்கு மேல் வைத்திருந்து நடுவில் மேம்படுத்துகிற பழக்கம் உங்களுக்கு உண்டு என்றால், இந்த ஒரு காரணத்துக்காகவே 7600-க்கோ 8600ஜிக்கோ கூடுதலாகச் செலவழிக்கலாம். வாங்கியதை அப்படியே ஓட்டுகிற வீட்டுக்கு இந்த வாதம் பொருந்தாது.

எல்ஜிஏ 1700-இல் பின்னாளில் செகண்ட் ஹேண்டாக 13 அல்லது 14-ஆம் தலைமுறை ஐ7, ஐ9 போடலாம் என்று திட்டமிடுகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். அந்தத் தலைமுறைகளில் மின்னழுத்தம் தேவைக்கு மேல் ஏறி புராசஸர் நிலைகுலைகிற கோளாறை இன்டெலே ஒப்புக்கொண்டு, 2024-இல் மைக்ரோகோட் (புராசஸருக்குள் ஓடும் அடிப்படை நிரல்) திருத்தம் வெளியிட்டு, உத்தரவாதத்தை இரண்டு வருடம் நீட்டியது. திருத்தம் மேலும் கெடாமல் காக்கும், ஏற்கெனவே கெட்டதைச் சரிசெய்யாது. முன்பு வைத்திருந்தவர் பயாஸை (போர்டின் அடிப்படை மென்பொருள்; திருத்தம் இதனோடு வரும்) எப்போது புதுப்பித்தார் என்பது உங்களுக்குத் தெரியப் போவதில்லை. 12400-க்கு இந்தப் பிரச்சினை கிடையாது.

பலரும் கோட்டைவிடுவது கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸில். கேபினட்டோடு சேர்ந்து வருவதில் 450 வாட் என்று பெரிதாக ஒட்டியிருக்கும். அதைக் கழற்றிப் பக்கவாட்டு லேபிளில் 12 வோல்ட் கட்டத்தைப் பாருங்கள். 18 ஆம்பியர் என்றிருந்தால் பெருக்கினால் 216 வாட். புராசஸருக்கும் கார்டுக்கும் சக்தி போவது அந்த 12 வோல்ட்டிலிருந்துதான். மற்ற எண்ணெல்லாம் உதவாது. 12400 முழுமூச்சில் 117 வாட் வரை இழுக்கும், 4060 தன் பங்குக்கு 115. அங்கேயே கணக்கு தாண்டிவிட்டது. கார்டு போடுகிறவர்கள் 80 பிளஸ் ப்ரோன்ஸ் (மின்சிக்கனத்துக்கான வெண்கலத் தரம்) சான்று பெற்ற 550 வாட்டைத் தனியாக வாங்குங்கள். கேபினட்டின் விளக்கு, கண்ணாடிக்குப் போகும் பணத்தை இங்கே திருப்பினால் போதும். யுபிஎஸ்ஸும் இதே கணக்குதான். சாதாரண 600 விஏ யுபிஎஸ் தருவது ஏறக்குறைய 360 வாட். கார்டு இல்லாத செட்டுக்குத் தாராளம், கார்டோடு கேம் ஓடும்போது கரன்ட் போனால் நெருக்கடி. அதற்கு 1000 விஏ பக்கம் போங்கள்.

எஸ்எஸ்டியில் அதிகம் யோசிக்க வேண்டாம். என்விஎம்இ ரகத்தில் 500 ஜிபி அல்லது 1 டிபி எடுங்கள். பழைய சாட்டா இணைப்பில் ஓடும் எஸ்எஸ்டி நொடிக்கு 550 எம்பி அளவில் நின்றுவிடும், மூன்றாம் தலைமுறை என்விஎம்இ 3500 வரை போகும். நான்காம் தலைமுறை அதற்கும் இரட்டிப்பு என்றாலும் அன்றாட வேலையில் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது.

பொருத்தும்போது ஒரு வேறுபாடு. ஏஎம்4-இல் ஊசிகள் புராசஸரிலேயே இருக்கும். கூலரைக் கழற்றும்போது நேராக இழுத்தால் பேஸ்ட் ஒட்டிக்கொண்டு புராசஸரும் சேர்ந்தே வந்துவிடும். இடம் வலமாக மெல்லத் திருகி, பிடி விட்ட பிறகே தூக்க வேண்டும். எல்ஜிஏ 1700-இலும் ஏஎம்5-இலும் ஊசிகள் போர்டில் இருக்கின்றன. அங்கே சாக்கெட்டை மூடியிருக்கும் பிளாஸ்டிக் மூடியைத் தூக்கிப் போடாதீர்கள். போர்டை வாரண்டிக்குக் கொடுக்கும்போது அந்த மூடி இல்லாவிட்டால் வாங்க மறுக்கும் சர்வீஸ் சென்டர்கள் உண்டு.