ராட்டினத்துக்கு 40 கேவிஏ ஜெனரேட்டர் போதுமா? திருகோணமலை வாடகைச் சேவை

திருகோணமலைக் கடற்கரைக் கார்னிவல்களுக்கு வாடகைக்கு வரும் 40 கேவிஏ ஜெனரேட்டர் நல்ல பொருள்தான். சத்தம் குறைவு, 400 வோல்ட் ஆடாமல் நிற்கிறது. ஆனால் "ராட்டினத்தின் 15 கிலோவாட் மோட்டருக்குத் தாராளம்" என்று வாடகைக்காரர்கள் சொல்லிக் கொடுப்பது சரியில்லை. ஓடும்போது அந்த மோட்டர் சுமார் 28 ஆம்பியர்தான் எடுக்கும். நேரடியாகப் போட்டால் தொடங்கும் கணத்தில் ஆறு மடங்கு, கிட்டத்தட்ட 170. ஜெனரேட்டர் தரக்கூடிய முழு அளவே 58 ஆம்பியர்! வோல்ட் விழும், மோட்டரை இணைத்துத் துண்டிக்கும் கொன்டாக்டர் சுவிட்ச் படபடவென்று அடிக்கும், அதன் முனைகள் கருகிவிடும். மோட்டர்ச் சுருள்களை முதலில் ஸ்டாராக இணைத்து, வேகமேறியதும் டெல்டாவுக்கு மாற்றும் ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டர் போட்டால் தொடக்க மின்னோட்டம் மூன்றிலொன்றாகும். மோட்டர் சுழற்றும் பலமான முறுக்குவிசையும் அப்படியே குறைவதால் ஆட்கள் நிறைந்த ராட்டினம் அசைய மறுக்கும். மோட்டரை மெதுவாகத் தொடக்கி வேகமேற்றும் இன்வேர்ட்டர் டிரைவ் கருவியைக் கேட்டு வாங்குங்கள். வேகமேற 10 வினாடி, மின்னோட்ட வரம்பு 42 ஆம்பியர் என்று வையுங்கள்.

அமெரிக்காவின் ஒர்லாண்டோ நகரப் பூங்காவிலுள்ள ஹல்க் ரோலர் கோஸ்டருக்கும் இதே சிக்கல்தான், அளவுதான் வேறு. ஒருமுறை உந்தித் தள்ளச் சுமார் 8 மெகாவாட் வேண்டும். ஊர் மின்சாரம் மங்காதிருக்க, கனத்த சுழல்சக்கரங்களில் சக்தியைச் சேர்த்து வைத்தே தள்ளுகிறார்கள்.

கேபிள் முனையில் பச்சை பூத்திருந்தால் கடல் உப்பின் வேலை. சுத்தமாக்கித் தரும்வரை இணைக்க விடாதீர்கள்.