கூத்தாநல்லூர் வெளிநாட்டுச் சாமான் கடையும் கத்தரிக்காய் மக்மூரும்

மன்னார்குடி, திருவாரூர் பக்கம் இருந்துகொண்டு லெபனான் சமையல் செய்து பார்க்க ஆசைப்படுகிறவர்கள் என்னிடம் கேட்டால், இணையத்தில் சாமான் வரவழைக்க வேண்டாம், கூத்தாநல்லூர் கடைத்தெருவுக்கு ஒரு நடை போய் வாருங்கள் என்றுதான் சொல்வேன். சின்ன சிங்கப்பூர் என்று பெயரெடுத்த ஊர் அது. தலைமுறை தலைமுறையாக வெளிநாட்டில் சம்பாதித்தவர்கள் இருக்கிற ஊரில் அந்த நாட்டுச் சாப்பாட்டு ருசியும் கூடவே வந்துவிடும். அதனால் பேரீச்சை, பால்மாவு, சாக்லேட், அத்தர் எல்லாம் அடுக்கிய கடைகள் அங்கே உண்டு. நான் சொல்லப்போகிற கடை அவற்றில் சின்னது. பெயர்ப்பலகையில் எழுத்து பாதி மங்கியிருக்கும். உள்ளே இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் படியில் நிற்க வேண்டும். ஆனால் லெபனான் சமையலுக்கு வேண்டிய சரக்கைத் தெரிந்து வாங்கி வைத்திருக்கிறவர் அந்தக் கடைக்காரர்தான்.

எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். குவைத்தில், சால்மியாவில் ஒரு லெபனான் உணவகத்தின் சமையலறையில் பல வருஷம் வேலை பார்த்தவன் நான். எங்கள் தலைமைச் சமையல்காரர் ஸஹ்லே ஊர்க்காரர். பெர்தவ்னி ஆற்றங்கரையில் வரிசையாக உணவகங்கள் இருக்கிற ஊர் அது. சின்னச் சின்னத் தட்டுகளில் வகைவகையாகப் பரிமாறுவதில் பேர்போன இடம். அவருக்கு இறைச்சியைவிடக் காய்கறிச் சமையலில்தான் கவனம் அதிகம். எண்ணெயில் வேகவைத்து, ஆறவைத்துச் சாப்பிடுகிற காய்கள் என்று லெபனானில் ஒரு வரிசையே இருக்கிறது. பீன்ஸ், வெண்டைக்காய், கத்தரிக்காய் என்று போகும். அங்குள்ள கிறிஸ்தவர்கள் தவக்காலத்தில் இறைச்சி, பால், நெய் ஒதுக்குகிற நாட்களில் இவற்றைத்தான் அதிகம் சமைப்பார்கள். மற்ற நாட்களில் எல்லார் வீட்டிலும் உண்டு. அந்த வரிசையில் எனக்குப் பிடித்தது மக்மூர். கத்தரிக்காய், கொண்டைக்கடலை, தக்காளி, வெங்காயம், பூண்டு. அவ்வளவுதான் அடிப்படை. அங்கே இதை முஸக்கா என்றும் சொல்வார்கள். கிரேக்கர்கள் கொத்துக்கறியும் வெள்ளைச் சாஸும் அடுக்கிச் செய்கிற முஸாக்காவோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். இது சுத்த சைவம். புரட்டாசியில் கவுச்சி இல்லாத வீடுகளுக்கு அப்படியே பொருந்தும்.

இந்தச் சமையலுக்கு வெளியிலிருந்து வாங்க வேண்டியவை இரண்டே பொருள்தான். மாதுளைப் பாகு ஒன்று, ஆலிவ் எண்ணெய் ஒன்று. மற்றதெல்லாம் நம் உழவர் சந்தையில் கிடைக்கும். ஆனால் இந்த இரண்டிலும் கலப்படமும் மலிவுச் சரக்கும் ஏராளம். கடையின் தரம் இந்த இரண்டில்தான் தெரியும்.

மாதுளைப் பாகை அரபியில் திப்ஸ் ருமான் என்பார்கள். புளிப்பு மாதுளையின் சாற்றைப் பிழிந்து, நின்று நிதானமாகக் கொதிக்கவைத்து, பாகு பதத்துக்குச் சுண்டவைப்பது. நல்ல பாகுக்கு வேறு எதுவும் தேவையில்லை. சாற்றிலேயே புளிப்பும் இனிப்பும் இருக்கிறது. மலிவுச் சரக்கில் குளுக்கோஸ், சர்க்கரை, சிட்ரிக் அமிலம், நிறத்துக்குக் கேரமல் என்று சேர்த்திருப்பார்கள். பாட்டிலின் முகப்பில் மாதுளம்பழம் படம் பெரிதாக இருக்கும். பின்பக்கம் பொடி எழுத்தைப் படித்தால்தான் விஷயம் வெளிவரும். சேர்மானப் பட்டியலில் முதலில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். எது அளவில் அதிகமோ அதைத்தான் முதலில் போடுவார்கள். குளுக்கோஸ் முதலில் வந்தால் கீழே வைத்துவிடலாம்.

முதல் தடவை நான் போனபோது கடைக்காரர் மூன்று பாட்டிலை எடுத்து மேசையில் வைத்தார். நான் விலை குறைந்ததைத் தொட்டதுமே, "சார், அது சாலட் மேல ஊத்திக்கிறதுக்கு ஓடும். நீங்க அடுப்புல வைக்கப்போறீங்கன்னா அது வேணாம், இனிச்சுக் கிடக்கும்" என்றார். விற்கிற பொருளை வேண்டாம் என்று சொல்கிற கடைக்காரரை நான் அதிகம் பார்த்ததில்லை. "பாய், அப்ப இது?" என்று அடுத்ததைக் காட்டினேன். பாட்டிலை வாங்கி மெதுவாகத் தலைகீழாகச் சாய்த்தார். உள்ளே பாகு கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு, அவசரமில்லாமல் ஒரு பக்கமாக இறங்கியது. வெளிச்சத்தில் பிடித்தபோது ஓரம் செம்பழுப்பாக இருந்தது, நடு கறுப்பு. "உடைச்சது ஒண்ணு வீட்டுல இருக்கு, இருங்க" என்று சொல்லிப் பின்பக்கம் போய், ஒரு சின்னக் கரண்டியில் கொண்டுவந்து கொடுத்தார். நாக்கில் வைத்ததும் புளிப்பு முன்னால் வந்தது. இனிப்பு பின்னால் வந்தது. கடைசியில் தொண்டையில் லேசாக ஒரு துவர்ப்பு. சால்மியா சமையலறையில் இருந்த அதே ருசி. அந்தத் துவர்ப்புதான் அடையாளம். சர்க்கரைப் பாகில் அது வராது.

அந்த பாட்டில் ஒன்று 400 ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே. ஒரு கிலோ கத்தரிக்காய்க்கு ஒரு மேசைக்கரண்டி போதும் என்பதால் வீட்டுச் சமையலுக்கு மாதக்கணக்கில் வரும். ஈரக்கரண்டி போடாமல் இருந்தால் கெடாது.

ஆலிவ் எண்ணெயில் இன்னும் கவனம் வேண்டும். நம் ஊர்க் கடைகளில் மலிவாகக் கிடைப்பது பெரும்பாலும் பொமேஸ். ஆலிவைப் பிழிந்து எண்ணெய் எடுத்த பிறகு மிஞ்சுகிற சக்கையிலிருந்து கரைப்பான் போட்டு எடுத்துச் சுத்திகரித்தது. பொரிக்கலாம், ஆனால் வாசனை இருக்காது. மக்மூரை ஆறவைத்துச் சாப்பிடுவதால் எண்ணெயின் ருசி நேராக நாக்குக்கு வரும். அதற்கு எக்ஸ்ட்ரா வர்ஜின்தான், அதாவது கரைப்பானும் சுத்திகரிப்பும் இல்லாமல் ஆலிவைப் பிழிந்தே எடுத்த எண்ணெய்தான் வேண்டும். லெபனானில் வடக்கே கூரா என்ற வட்டாரம் ஆலிவுக்குப் பேர்போனது. எங்கள் சமையல்காரர் கூரா எண்ணெய் வந்தால் தனியாக எடுத்து வைத்துவிடுவார். அது இங்கே கிடைக்கவில்லை. கடையில் இருப்பது ஸ்பெயின், துருக்கிச் சரக்கு. பரவாயில்லை, நல்ல சரக்குதான். ஆனால் கடைக்காரரிடம் எனக்கு ஒரு குறை உண்டு. ஆலிவ் எண்ணெய் பாட்டில்களைத் தெருவைப் பார்த்த கண்ணாடி அலமாரியில் அடுக்கியிருக்கிறார். காலை வெயில் நேரே அதன்மேல் விழுகிறது. வெளிச்சமும் சூடும் இந்த எண்ணெய்க்கு எமன். நேரிலும் சொன்னேன். உள்ளே இடம் இல்லை என்கிறார். அதனால் நான் பின்வரிசையில், நிழலில் இருக்கிற பாட்டிலைக் கேட்டு வாங்குகிறேன். நீங்களும் அப்படியே கேளுங்கள், முகம் சுளிக்காமல் எடுத்துத் தருவார். கண்ணாடி கரும்பச்சையாக இருக்கட்டும். தயாரித்த தேதியைப் பாருங்கள்.

இன்னொரு குறை, சில்லறையாகக் கட்டி வைத்திருக்கிற மசாலாப் பொடிகள். ஏழு மசாலாப் பொடி என்று ஒன்று, சுமாக் என்ற புளிப்புப் பழத்தின் பொடி ஒன்று. பொட்டலத்தில் கட்டிய தேதி கிடையாது. சுமாக் நல்ல கருஞ்சிவப்பாக, உப்புப் புளிப்பாக இருந்தது, சரி. ஏழு மசாலாவில் மணம் போய்விட்டது. வாங்க வேண்டாம். மக்மூருக்கு அது கட்டாயமும் இல்லை. மிளகுத்தூளும் ஒரு சிட்டிகை பட்டைத்தூளும் போதும். இந்த இடத்தில் நம் ஆட்கள் கை சும்மா இருக்காது. மிளகாய்த்தூள், மல்லித்தூள், கறிவேப்பிலை, கடைசியில் தேங்காய்ப்பால் வரை போய்விடுவார்கள். தயவுசெய்து போடாதீர்கள். மசாலா ஏறினால் கத்தரிக்காயும் எண்ணெயும் மாதுளையும் பேசவே முடியாது.

சரி, சமையலுக்கு வருகிறேன். ஒரு கிலோ கத்தரிக்காய். லெபனானில் பெரிய கறுப்புக் கத்தரிக்காயை எடுப்பார்கள். நம் டெல்டாவில் ஆற்றுப் படுகையில் விளைகிற பிஞ்சு ஊதாக் கத்தரிக்காய் அதைவிட நன்றாகவே வருகிறது என்பது என் தீர்மானமான கருத்து. விதை குறைவு, சதை இறுக்கம். தோலை முழுக்க எடுக்காமல், ஒரு பட்டை விட்டு ஒரு பட்டையாகச் சீவுங்கள். தோல் கொஞ்சம் இருந்தால்தான் காய் கரையாமல் நிற்கும். நீளவாக்கில் நான்காகப் பிளந்து, உப்புத் தூவி, வடிதட்டில் அரைமணி நேரம் வையுங்கள். கொஞ்ச நேரத்தில் வெட்டிய முகத்தில் முத்து முத்தாக நீர் கோக்கும். பிறகு அவை ஒன்றோடொன்று சேர்ந்து வழியும். துணியில் ஒற்றி எடுத்துவிடுங்கள். பிஞ்சுக் காயில் கசப்பு இருக்காது, ஆனாலும் இதைச் செய்தே ஆக வேண்டும். நீர் போய்ச் சதை இறுகுவதால் பொரிக்கும்போது எண்ணெய் குடிப்பது குறையும்.

பொரிக்க ஆலிவ் எண்ணெயை வீணாக்க வேண்டாம். செக்குக் கடலை எண்ணெய் போதும். நல்லெண்ணெய் கூடாது, அதன் மணம் எல்லாவற்றையும் அமுக்கிவிடும். எண்ணெய் நன்றாகக் காய்ந்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, ஓரம் பொன்னிறமானதும் எடுங்கள்.

150 கிராம் வெள்ளைக் கொண்டைக்கடலையை முந்தின ராத்திரியே ஊறவைத்து, விரலால் நசுக்கினால் மசிகிற அளவுக்கு வேகவைத்துக்கொள்ளுங்கள். டின்னில் அடைத்தது கடையில் இருக்கிறது. தேவையில்லை. நம் வீட்டில் வேகவைத்ததன் ருசி டின்னுக்கு வராது.

பாத்திரம் முக்கியம். இருப்புச்சட்டி ஆகாது. தக்காளி, மாதுளைப் புளிப்புக்கு இரும்பு ஒத்துக்கொள்ளாது, கத்தரிக்காயும் கறுத்துவிடும். ஈயம் பூசாத பித்தளையும் கூடாது. அடிகனமான எவர்சில்வர் அல்லது பழகிய மண்சட்டி எடுங்கள். அரை டம்ளர் ஆலிவ் எண்ணெய் ஊற்றி, இரண்டு பெரிய வெங்காயத்தைத் தடிமனாக அரிந்து மிதமான சூட்டில் வதக்குங்கள். நிறம் மாறத் தொடங்கியதும் பத்துப் பன்னிரண்டு பூண்டுப் பல்லை முழுசாகப் போடுங்கள். பிறகு கொண்டைக்கடலை, அப்புறம் அரைக்கிலோ நாட்டுத் தக்காளி நறுக்கியது, உப்பு, மிளகு, பட்டைத்தூள். தக்காளி மசிந்து எண்ணெய் பிரியும்போது மாதுளைப் பாகு ஒரு மேசைக்கரண்டி. நாட்டுத் தக்காளி புளிப்பாக இருந்தால் முதலில் பாதி ஊற்றி, ருசி பார்த்து மீதியைச் சேருங்கள். கால் டம்ளர் தண்ணீர். மேலே பொரித்த கத்தரிக்காயை அடுக்கி, மூடி, சின்னத் தீயில் 20 நிமிஷம். கரண்டி போடவே கூடாது. சட்டியின் இரண்டு காதையும் பிடித்து ஒருதரம் குலுக்கினால் போதும். இறக்கும்போது நிழலில் காயவைத்த புதினாவை உள்ளங்கையில் கசக்கித் தூவுங்கள்.

இப்போது பசி பொறுக்க வேண்டும். சுடச்சுடச் சாப்பிட்டால் புளிப்பும் எண்ணெயும் தனித்தனியாக நிற்கும். ஆறிய பிறகு எல்லாம் ஒன்றாகிறது. மறுநாள் இன்னும் நன்றாக இருக்கும். என் அம்மா முதல் நாள் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுத் தட்டைத் தள்ளி வைத்தார். மறுநாள் மத்தியானம் தானே எடுத்துப் போட்டுக்கொண்டு, "சுண்டவச்ச பழங்கொழம்பு மாதிரி இப்பத்தான்டா எறங்குது" என்றார். சாதத்தோடுதான் சாப்பிட்டார். லெபனான்காரர்கள் ரொட்டியைப் பிய்த்து அள்ளிச் சாப்பிடுவார்கள். அந்தக் கடையில் சில நாள் குப்பூஸ் என்ற அரபு ரொட்டி வரும், காலையில் போனால் மெத்தென்று கிடைக்கும், சாயங்காலம் விறைத்திருக்கும். கிடைக்காவிட்டால் கோதுமை மாவில் கொஞ்சம் தடிமனாகச் சப்பாத்தி போடுங்கள்.

மாதுளைப் பாகு மீதம் இருக்குமே என்று கவலைப்பட வேண்டாம். பிஞ்சு வெண்டைக்காயை முழுசாக எண்ணெயில் வதக்கி, பூண்டும் கொத்தமல்லித்தழையும் தக்காளியும் சேர்த்து, இதே பாகு ஒரு கரண்டி விட்டுச் செய்தால் அது இன்னொரு லெபனான் சமையல். வெள்ளரி, தக்காளி, வெங்காயம், பொரித்த ரொட்டித் துண்டு கலந்த ஃபத்தூஷுக்கும் இது ஆகும். அதற்குச் சுமாக்கையும் சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள்.

கடைக்கு வெள்ளிக்கிழமை மத்தியானம் போக வேண்டாம், ஜும்மா நேரத்தில் பூட்டியிருக்கும். கேட்டால்தான் பில் கிடைக்கும், கேளுங்கள். என்ன சமைக்கப்போகிறீர்கள் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். எந்த பாட்டில் வேண்டாம் என்று அவரே சொல்வார்.