மூன்று ஆண்டு ஜெனரிக்: மருந்தில் குறையில்லை, மாத்திரையில்தான்

காப்புரிமை முடிந்த மருந்தைப் பிராண்டுப் பெயரில்லாமல் மலிவாக விற்கும் ஜெனரிக் மாத்திரையை நம்பி வாங்கலாமா என்று சென்ற வாரம் நண்பர் கேட்டபோது, "தாராளமாக" என்று சொல்ல வாயெடுத்தவன் நிறுத்திக்கொண்டேன். 74 வயதாகும் என் தந்தைக்கு சர்க்கரைக்கு மெட்ஃபார்மின், கிளிமிபிரைடு, பிரஷருக்கு டெல்மிசார்ட்டன், கொழுப்புக்கு அட்டோர்வாஸ்டாடின் ஆகிய நான்கையும் மூன்று ஆண்டுகளுக்கு முன்பு ஜெனரிக் கடைக்கு மாற்றினேன். மாதம் ஆயிரத்தை ஒட்டி வந்த செலவு இப்போது 250 ரூபாயைத் தாண்டுவதில்லை. மாற்றுவதற்கு முன்பு 7.2 ஆக இருந்த எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் அளவு), பிறகும் 7-க்கும் 7.4-க்கும் இடையிலேயே நிற்கிறது. மருந்து வேலை செய்யவில்லை என்று சொன்னால் அது பொய்.

ஜெனரிக்கில் மருந்து இருபது விழுக்காடு குறைவாக இருக்கலாமாமே என்பது நண்பரின் ஐயம். ஜெனரிக்கை அனுமதிக்கப் பார்க்கும் 80 முதல் 125 விழுக்காடு என்ற வரம்பைப் பலரும் இப்படித்தான் தவறாகப் படிக்கிறார்கள். அது மாத்திரைக்குள் இருக்கும் மருந்தின் எடையைக் குறிப்பதன்று. இரத்தத்தில் சேரும் மருந்தின் அளவை, முதலில் கண்டுபிடித்த நிறுவனத்தின் மருந்தோடு ஒப்பிடும்போது, கணக்கின் பிழை எல்லைகள் உட்பட முழுவதும் அந்த வரம்புக்குள் அடங்க வேண்டும் என்பதே விதி. ஆகவே சராசரி வேறுபாடு அதைவிட மிகக் குறைவாகவே இருக்கும். நீரில் எளிதில் கரையாத மருந்துகளுக்கு இந்த ஒப்பீட்டுச் சோதனையை இந்தியா 2017-இல்தான் கட்டாயமாக்கியது என்ற முணுமுணுப்பு நியாயமானதே. ஆனால் அது பிராண்டுக்கும் பொருந்தும். நம் ஊரில் டாக்டர் எழுதித்தரும் பிராண்டுகளில் பெரும்பாலானவை, காப்புரிமை முடிந்த மருந்துக்குப் பெயர் சூட்டி விற்கப்படுபவைதாம்.

என் கோபமெல்லாம் மாத்திரையின் முகத்தின் மேல். மருந்து வழங்கும் நிறுவனம் மாறும்போதெல்லாம் நிறம், வடிவம், பட்டை எல்லாம் மாறிவிடுகின்றன. (அளவு சற்றுப் பிசகினாலும் உடல் காட்டிக்கொடுக்கும் லெவோதைராக்சினில் இந்த மாற்றம் தோற்றத்தோடு நிற்காது என்பதால், மனைவியின் தைராய்டு மாத்திரையை எப்போதும் ஒரே நிறுவனத்துடையதாகவே வாங்குகிறேன்.) பட்டையில் ஆங்கிலத்தில் பொடி எழுத்தில் இருக்கும் பெயரை அப்பா படிப்பதில்லை, ரோஸ் மாத்திரை சர்க்கரைக்கு, வெள்ளை மாத்திரை பிரஷருக்கு என்பதே அவருடைய கணக்கு. சென்ற ஆடியில் கிளிமிபிரைடும் வெள்ளை வட்டமாக வந்து சேர்ந்தது. காலையில் போட்டதையே இரவில் பிரஷர் மாத்திரை என்று நினைத்து மறுபடியும் விழுங்கியவர், நள்ளிரவில் உடல் நனைய வியர்த்து நடுங்கினார், சர்க்கரை 52-க்கு இறங்கியிருந்தது. குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்துவிட்டு, கருவியும் கையுமாக விடியும்வரை உட்கார்ந்திருந்தேன். மறுநாள் கடைக்காரர் "உள்ளே இருப்பது அதே மருந்துதான், சார்" என்றார். அதுதான் எனக்கும் தெரியுமே!

இப்போது ஒவ்வொரு பட்டையிலும் ஸ்கெட்ச் பேனாவால் சூரியனும் நிலாவும் வரைந்து தருகிறேன். கிளிமிபிரைடை மட்டும் ரோஸ் நிறத்துக்காகவே பிராண்டில் வாங்குகிறேன். நண்பரிடம் எரிச்சலில் "பிராண்டே வாங்குங்கள்" என்று சொல்லிவிட்டேன். அன்று மாலை அம்மாவின் கால்சியம் மாத்திரையை அந்த ஜெனரிக் கடையில்தான் வாங்கினேன்.