களிமண் கோலெமா, கல் கோலெமா?

மேசையைச் சுற்றி உட்கார்ந்து பகடை உருட்டிக் கதை நடத்தும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தில் பார்ட்டி (ஆட்டக்காரர்களின் வீரர் கூட்டம்) எட்டாம், ஒன்பதாம் லெவலுக்கு வந்ததும், மந்திரவாதியின் கோட்டை வாசலில் ஒரு கோலெமை, அதாவது மந்திரத்தால் உயிரூட்டிய சிலைக் காவலாளியை, நிறுத்திவைக்க, ஆட்டத்தை நடத்தும் டிஎம்முக்குக் கை பரபரக்கும். அந்த வேலைக்குப் பொருத்தமானவை இரண்டு: சேலஞ்ச் ரேட்டிங் (எதிரி எவ்வளவு கடினம் என்று சொல்லும் எண்) 9 உள்ள களிமண் கோலெம், 10 உள்ள கல் கோலெம். (எண்கள் எல்லாம் 2014 விதிகளின்படி.)

தாளில் கல்தான் பலசாலி. ஏசி (அடி படாமல் காக்கும் எண்) 17, ஹிட் பாயின்ட் (எவ்வளவு அடி தாங்கும் என்ற எண்) 178. களிமண்ணுக்கு 14, 133; நடையும் மெதுவு. மற்றபடி அண்ணன் தம்பி மாதிரிதான். மந்திரம் ஏறாத சாதாரண ஆயுதம் அடமான்டைன் என்ற கற்பனை உலோகத்தால் ஆனதாக இருந்தாலொழிய எதன் மீதும் கீறல் விழாது. உருவத்தை மாற்றும் மந்திரமும் பலிக்காது, அதனால் பாலிமார்ஃப் போட்டு ஆமையாக்கும் யோசனை வேலைக்கு ஆகாது.

கல்லின் துருப்புச்சீட்டு, எதிரியை மந்தமாக்கும் ஸ்லோ. பத்தடிக்குள் நிற்பவர் விஸ்டம் சேவில் (பாதிப்பிலிருந்து தப்பிக்க உருட்டும் பகடையில்) 17 எடுக்காவிட்டால் வேகம் பாதி, அடுத்தவர் முறையில் பதிலுக்குச் செய்யும் ரியாக்‌ஷன் கிடையாது, தன் முறை வரும்போது ஒரே அடி. படிக்கும்போது பயங்கரம்தான். ஆனால் நான் இறக்கிய அன்று சண்டை ஜவ்வாக இழுத்தது. ஃபைட்டர் (போர்வீரர்) பாத்திரத்தை ஆடியவர் ஓர் அடி அடித்துவிட்டு ஃபோனை நோண்ட ஆரம்பித்தார். அவரைக் குறை சொல்ல முடியாது.

களிமண் கொடுக்கும் பயம் வேறு ரகம். அதன் அடி பட்டு, 15க்கான கான்ஸ்டிட்யூஷன் சேவும் தவறினால், இழந்த அளவுக்கு ஹிட் பாயின்ட்டின் உச்சவரம்பே இறங்கிவிடும். தூங்கி எழுந்தாலும் சரியாகாது. கிரேட்டர் ரெஸ்டொரேஷன் போன்ற மந்திரம் வேண்டும். குணப்படுத்தும் பூசாரியான கிளெரிக்குக்கு அது கிடைப்பது ஒன்பதாம் லெவலில், அதுவும் ஒவ்வொரு முறையும் 100 பொன் பெறும் வைரத்தூளைக் கரைத்து. எட்டாம் லெவல் பார்ட்டி என்றால் காயத்தோடு ஊர் ஊராக வைத்தியம் தேடி அலைய வேண்டியதுதான். அடுத்த சில செஷனுக்குக் கதை தானாகக் கிடைத்துவிடும்.

அப்புறம் அந்த வெறி. ஹிட் பாயின்ட் 60 அல்லது அதற்குக் கீழே வந்தால், களிமண்ணின் முறை தொடங்கும்போதெல்லாம் ஒரு டி6 (ஆறு முகப் பகடை); 6 விழுந்தால் எஜமான், எதிரி என்று பார்க்காமல் பக்கத்தில் நிற்பவரை அடிக்கும். நான்கு முறை உருட்டினால் வெறி பிடிக்க ஏறத்தாழ பாதிக்குப் பாதி வாய்ப்பு. முழு ஹிட் பாயின்ட்டும் திரும்பினால்தான் தணியும். அமிலமோ அதற்கு மருந்து, பட்டால் காயம் ஆறும்! பதறிப்போன மந்திரவாதி தன் கோலெம் மீதே அமிலத்தை ஊற்றும் காட்சியைக் கல்லை வைத்துக்கொண்டு நடத்த முடியாது.

சதை கோலெமுக்கும் வெறி உண்டு, ஆனால் ரேட்டிங் 5தான். இந்த லெவலில் தாக்குப்பிடிக்காது. இரும்பு 16, பார்ட்டியே காலி.

கல்லுக்கு நான் இடம் கொடுப்பது ஒரே சூழலில்தான்: சண்டை போட்டு ஜெயிக்க அல்ல, ஓடித் தப்பிக்க வேண்டிய இடத்தில். இடிந்து விழும் சுரங்கத்தில் வேகம் பாதியானால் மேசையில் யாரும் ஃபோனைத் தொட மாட்டார்கள். மற்ற எல்லா வாசலிலும் களிமண்தான், அறை மூலையில் இரண்டு ஜாடி அமிலத்தோடு.